தூசியை வாளிக்குள் பிடிப்போம்

வீட்டுப் பட்டறைக்கு நாமே செய்யக்கூடிய உறிஞ்சும் வாளி

தோட்டத்து வேலை முடிந்து வீடு வந்தபின், வாளும் இழைப்புளியும் எடுத்து இன்னொரு வேலையைத் தொடங்குகிறவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். கதிரை, ஸ்டூல், கட்டில், சாமித்தட்டு, ஜன்னல் சட்டம் என்று ஏதாவது ஓர் ஓடர் கையில் இருக்கும். பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துச் செலவுக்கு அந்தக் காசுதான் கைகொடுக்கிறது. வேலை நல்ல வேலை. ஆனால் பட்டறைக்கென்று தனி அறை யாருக்கு இருக்கிறது? இஸ்தோப்பில்தான் வேலை. அடுத்த அடியில் காம்பரா. அங்கேதான் சமையல், சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, தூக்கம் எல்லாம்.

வேலையை நிறுத்தச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தூசி பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகாமல் ஒரு வாளிக்குள் விழ வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்பதே இங்கே விடயம்.

கூட்டினால் போகாத தூசி

"தூசிதானே, வெளக்குமாத்தால கூட்டித் தள்ளினா போச்சு" என்று சொல்வோம். கூட்டும்போது போவது பெரிய தூள் மட்டுமே. இழைப்புளியில் வரும் சுருள், வாளில் விழும் தூள் இவை கண்ணுக்குத் தெரியும், பாரமானவை, கீழே விழுந்துவிடும். சாண்ட் பேப்பர் போடும்போது வருகிற மாப்போன்ற தூள்தான் ஆபத்தானது.

ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் பங்காக்கினால் வருவது ஒரு மைக்ரோன். நம் தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். பத்து மைக்ரோனுக்குக் குறைந்த தூசியைத் தனித்தனியாகக் கண்ணால் பார்க்க முடியாது. பத்து மைக்ரோன் தூசி, காற்று அசையாத அறையில் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வரச் சில நிமிடங்கள் எடுக்கும். ஒரு மைக்ரோன் தூசிக்கோ பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும். அதாவது, இரவு எட்டு மணிக்கு எழும்பிய தூசி, பிள்ளை தூங்குகிற நேரம் முழுவதும் அந்த அறையிலேயே மிதந்துகொண்டிருக்கும். விளக்குமாற்றால் அடிக்க அடிக்க, விழுந்ததும் மறுபடி எழும்பும்.

மூக்கு அரிப்பு, தும்மல், கண் எரிச்சல், இருமல், இளைப்பு எல்லாம் இதனால் வரலாம். 1995இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. அது முக்கியமாக மூக்கின் உட்பகுதியில் வருகிற புற்றுநோய். நீண்ட காலம் கடுமையான தூசியில் வேலை செய்தவர்களிடமே அது கூடுதலாகக் காணப்பட்டது. அதனால் பயந்து ஓட வேண்டியதில்லை. ஆனால் அலட்சியமும் கூடாது.

தூசி என்றால் என்னவென்று தோட்டத்து ஆட்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டோரில் சலிக்கிற இடத்தில் வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தேயிலைத் தூசியைச் சுவாசித்ததால் வரும் ஆஸ்துமாவைப் பற்றி 1970இலேயே இலங்கை வைத்தியர் சி. ஜி. உரகொட மருத்துவ சஞ்சிகையில் எழுதியிருக்கிறார். தேயிலையானாலும் மரமானாலும் நுண்ணிய தூசிக்கு நெஞ்சு ஒன்றுதான்.

ஊதாதே, உறிஞ்சு

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்த சுத்தம் செய்யும் இயந்திரங்களில் சில, காற்றை ஊதித் தூசியைக் கிளப்பின. தூசி ஓரிடத்திலிருந்து எழும்பி இன்னோரிடத்தில் உட்கார்ந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஹூபெர்ட் செசில் பூத் என்ற பொறியியலாளர் 1901இல் இதைத் தலைகீழாக மாற்றினார். காற்றை இழுத்து, இடையில் ஒரு துணியை வைத்துத் தூசியைப் பிடித்தார். அவருடைய இயந்திரம் மிகவும் பெரியது. குதிரை வண்டியில் வைத்துத் தெருவில் நிறுத்தி, நீளக் குழாய்களை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் விட்டுத்தான் சுத்தம் செய்தார்கள். இயந்திரம் வெளியே, குழாய் மட்டும் உள்ளே. இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டுக்கும் அதுவே பொருத்தம்.

"பழைய மேசை ஃபேன் ஒண்ணு கெடக்கு, அதத் திருப்பி வச்சா உறிஞ்சாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. உறிஞ்சாது. ஃபேன் நிறையக் காற்றைத் தள்ளும், ஆனால் குழாய்க்குள் இழுக்கும் பலம் அதற்கு இல்லை. வாயை விரித்து ஊதுவதற்கும், ஸ்ட்ரோ வைத்து உறிஞ்சுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. மிக்ஸி மோட்டரும் சரிவராது. அதற்குக் காற்றை இழுக்கும் விசிறித் தட்டு இல்லை.

ஆகவே எங்கள் ஆலோசனை இதுதான். வேலை செய்கிற ஒரு பழைய வேக்குவம் கிளீனரைத் தேடுங்கள். நகரங்களில் பழைய மின்சாமான் கடைகளிலும், வீடு மாறிப் போகிறவர்களிடமும் கிடைக்கும். அதைக் கழற்ற வேண்டாம். மோட்டரை வெளியே எடுத்து வேறு பெட்டியில் பூட்டவும் வேண்டாம். கழற்றினால் கரண்ட் பாதுகாப்பும் போய்விடும், மோட்டருக்குச் சூடு தணிக்கும் காற்றும் தவறிவிடும். நாம் செய்யப்போவது அதற்கு முன்னால் வைக்கிற வாளியை மட்டும்தான்.

வாளி எதற்கு?

வீட்டு வேக்குவம் கிளீனர் கம்பளத் தூசிக்காகச் செய்யப்பட்டது. அதன் பை சிறியது. மரத்தூளை நேரே இழுத்தால் கொஞ்ச நேரத்தில் பை நிறையும், துணி அடைக்கும், இழுப்பு குறையும், மோட்டர் சூடேறும். தூள் பைக்குப் போகுமுன் வழியிலேயே விழச் செய்தால் இந்தத் தொல்லை இல்லை.

எப்படி விழச் செய்வது? ரம்பொடை வளைவுகளில் பஸ் திரும்பும்போது, நின்றுகொண்டு வருகிறவர்கள் ஒரு பக்கமாகச் சாய்கிறார்கள் அல்லவா? பஸ் திரும்பினாலும் உடம்பு நேரே போகப் பார்க்கிறது. தூளும் அப்படித்தான். வாளிக்குள் காற்றைச் சுற்றி ஓட வைத்தால், பாரமான தூள் காற்றோடு சேர்ந்து திரும்ப முடியாமல் சுவரில் மோதும். மோதி வேகம் குறைந்து அடியில் விழும். இலேசான காற்று மட்டும் நடுவிலே மேலேறிப் போகும். இதற்குச் சுழற்காற்றுப் பிரிப்பு என்று பெயர், ஆங்கிலத்தில் சைக்ளோன் என்பார்கள். மர ஆலைகளில் இந்த முறை வெகுகாலமாக இருக்கிறது. அப்படி ஓர் ஆலையில் பார்த்ததை வைத்துத்தான் ஜேம்ஸ் டைசன் பையில்லாத வேக்குவம் கிளீனரைச் செய்தார். அதற்காக அவர் செய்து பார்த்த மாதிரிகள் 5,127.

நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு பெயின்ட் வாளி போதும்.

தேவையான பொருட்கள்

1. இறுக்கமாக மூடக்கூடிய தடித்த 20 லீற்றர் பெயின்ட் வாளி, மூடியோடு.
2. பி.வி.சி. குழாய்த் துண்டுகள் இரண்டு, எல்போ ஒன்று. அளவை ஊகித்து வாங்க வேண்டாம். வேக்குவம் கிளீனரின் குழாய் வாயைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.
3. வளையும் குழாய் இன்னொன்று, இரண்டு மூன்று மீற்றர் நீளம், உட்புறம் வழுவழுப்பானது.
4. மூடி அளவுக்கு வெட்டிய பிளைவுட் வட்டம்.
5. சிலிக்கன் பசை, சிறிய ஸ்குரூக்கள், பழைய சைக்கிள் டியூப்.

வாளி தடிப்பாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. குழாய் வாய் எதிலாவது ஒட்டி அடைத்துக்கொண்டால், வாளிக்குள் காற்று குறையும், வெளிக்காற்று மூடியை அழுத்தும். நல்ல வேக்குவம் கிளீனர் ஒன்று அப்படி இழுக்கும்போது, 30 சென்ரிமீற்றர் அகலமான மூடியின்மேல் விழும் அழுத்தம் நூறு கிலோவைத் தாண்டலாம். இரண்டு சீமெந்து மூட்டையை ஏற்றி வைத்ததுபோல. மெல்லிய வாளி சப்பிப் போய்விடும். பிளைவுட் வட்டத்தை மூடியில் பூட்டுவது இதற்காகத்தான்.

செய்யும் முறை

முதலில் பிளைவுட் வட்டத்தை மூடியின் மேற்புறம் வைத்து, ஸ்குரூ போட்டு இறுக்குங்கள். கூர்முனை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

பின்பு இரண்டு ஓட்டைகள். ஒன்று சரியாக நடுவில். மற்றது ஓரத்தில், எல்போ வாளிச் சுவரை ஒட்டி நிற்கிற தூரத்தில். ஓட்டை குழாயை விடக் கொஞ்சம் சிறிதாக இருக்கட்டும். அரத்தால் தேய்த்துத் தேய்த்து இறுக்கமாகப் பொருத்துங்கள்.

நடு ஓட்டையில் நேர்க்குழாயை இறக்குங்கள். மூடிக்குக் கீழே ஐந்து சென்ரிமீற்றர் வந்தால் போதும். இதுதான் "வெளியே" போகும் வழி. வேக்குவம் கிளீனர் இதோடு சேரும்.

ஓர ஓட்டையில் மற்றக் குழாயை இறக்கி, அதன் உள்முனையில் எல்போவைப் பூட்டுங்கள். எல்போ மூடியிலிருந்து பத்துப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் கீழே இருக்கட்டும். அதன் வாய் வாளியின் நடுவைப் பார்க்கக் கூடாது. சுவரோடு சேர்ந்து, வட்டமாக ஓடுகிற பக்கத்தைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் நல்லது. இதுதான் "உள்ளே" வரும் வழி. தூள் இழுக்கிற நீளக் குழாய் இதோடு சேரும்.

மூட்டுகளைச் சுற்றிச் சிலிக்கன் பூசி, ஒரு நாள் காய விடுங்கள். சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மூடி விளிம்பில் வையுங்கள். மூடியில் பெரிய எழுத்தில் "உள்ளே", "வெளியே" என்று எழுதுங்கள். மாற்றிப் பூட்டினால் காற்று சுழலாது, தூள் முழுவதும் நேரே பைக்குப் போய்விடும்.

வேக்குவம் கிளீனருக்குள் இருக்கும் பையையும் வடிகட்டியையும் எடுத்துவிட வேண்டாம். வாளி பிடிப்பது பெரிய தூளை. நுண்ணிய தூசியில் ஒரு பங்கு தப்பி வரும். அதைப் பிடிக்கப் பை அவசியம்.

சரியாக வேலை செய்கிறதா?

பட்டக் கடதாசியில் மெல்லிய துண்டொன்றை வெட்டி, இயந்திரம் ஓடும்போது மூட்டுகளுக்குப் பக்கத்தில் பிடியுங்கள். கடதாசி உள்ளே இழுபட்டால் அந்த இடத்தில் காற்று கசிகிறது. மறுபடி சிலிக்கன் பூசுங்கள்.

பிறகு ஒரு சுண்டு மரத்தூளைத் தரையில் கொட்டி இழுங்கள். வாளியைத் திறந்து பாருங்கள். கிட்டத்தட்ட முழுவதும் வாளியில் இருக்க வேண்டும். பைக்குள் நிறையப் போயிருந்தால், எல்போவின் வாயைச் சுவர்ப் பக்கமாக இன்னும் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

கிட்டப் பிடித்தால்தான் பலன்

ஊதும் காற்று தூரம் போகும். உறிஞ்சும் காற்று போகாது. குழாய் வாயின் அகலம் எவ்வளவோ, அவ்வளவு தூரம் தள்ளிப் பிடித்தாலே காற்றின் வேகம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். எனவே வேலை முடிந்தபின் தரையை மட்டும் இழுப்பதை விட, சாண்ட் பேப்பர் போடும்போதே குழாய் வாயைப் பக்கத்தில் கட்டி வைப்பது பல மடங்கு மேல். பெரிய சோடா போத்தலைப் பாதியாக வெட்டி, கழுத்துப் பக்கத்தைக் குழாயில் செருகினால் நல்ல புனல் கிடைக்கும். எழும்புகிற இடத்திலேயே பிடிபட்ட தூசி அறைக்குள் வராது.

கரண்ட் விடயத்தில் விளையாட்டு வேண்டாம்

லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் கூரை வழியாக வரிசை முழுவதற்கும் போய்விடும். அதனால் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

வாங்கும்போதே ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 220–240 வோல்ட் என்று இருக்க வேண்டும். ஜப்பானில் பாவித்து வந்த பழைய சாமான்கள் 100 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் 230 வோல்ட்டில் நேரே குத்தினால் எரிந்துவிடும்.

1,200 வொட் இயந்திரம் ஐந்து அம்பியருக்கு மேல் இழுக்கும். பல்ப் ஹோல்டரிலிருந்தோ, சின்ன ஐந்து அம்பியர் பிளக்கிலிருந்தோ எடுக்கக் கூடாது. 13 அம்பியர் பிளக்கில் தனியாகக் குத்துங்கள். அதே வயரில் கேத்தலும் அயன்பொக்ஸும் சேர்ந்து ஓடக் கூடாது. வயர் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். சூடானால் நிறுத்திவிட்டு, தகுதியுள்ள எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

வீட்டில் டிரிப் சுவிட்ச் இருந்தால், அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழ வேண்டும். விழாவிட்டால் அது நம்மைக் காப்பாற்றாது. தோல் உரிந்த வயரை டேப் சுற்றிப் பாவிக்க வேண்டாம், புதிய வயர் போடுங்கள்.

இயந்திரத்தின் சத்தம் திடீரென்று கீச்சென்று உயர்ந்தால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். மோட்டர் காற்றில்லாமல் வேகமாகச் சுற்றிச் சூடேறுகிறது. உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றிவிட்டு அடைப்பை எடுங்கள்.

பில்லைப் பற்றிய கவலையும் இருக்கும். 1,200 வொட் இயந்திரம் பத்து நிமிடம் ஓடினால் யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குதான்.

இவற்றை இழுக்கவே கூடாது

அடுப்புச் சாம்பல், பீடி, சிகரெட் துண்டு, இரும்பு அரைக்கும்போது வரும் தீப்பொறி: மரத்தூளுக்குள் ஒரு சின்னக் கங்கு போதும். மணித்தியாலக் கணக்கில் புகைந்து நடு இரவில் பற்றிக்கொள்ளும்.

தின்னர், பெற்றோல், ஈர வார்னிஷ்: மோட்டருக்குள் கரித்துண்டு உரசும் இடத்தில் எப்போதும் சின்னப் பொறி இருக்கும். அந்த ஆவி பட்டால் தீப்பற்றும்.

தண்ணீர், ஈரத்தூள்: சாதாரண வேக்குவம் கிளீனர் ஈரத்துக்குச் செய்தது அல்ல. கரண்ட் அடிக்கும்.

அஸ்பெஸ்டஸ் தூசி: கூரை ஷீட்டில் ஓட்டை போட்டாலோ, ஷீட் உடைந்தாலோ வருகிற தூசியை இதில் இழுக்கக் கூடாது. அதன் நார் மிக நுண்ணியது. நம் பை அதைப் பிடிக்காது, பின்பக்கத்தால் வீடெங்கும் ஊதிவிடும். தண்ணீர் தெளித்து நனைத்து, ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு பொலித்தீன் பையில் கட்டுங்கள். பழைய பெயின்ட் சுரண்டிய தூளுக்கும் இதே முறைதான். அதில் ஈயம் இருக்கலாம், அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

பக்கத்துக் காம்பராவையும் நினைப்போம்

இயந்திரத்தின் பின்பக்கத்தால் வெளியேறும் காற்றில் மிக நுண்ணிய தூசி கொஞ்சம் இருக்கவே செய்யும். அதனால் இயந்திரத்தையும் வாளியையும் வெளியே வைத்து, குழாயை மட்டும் வேலை செய்யும் இடத்துக்கு விடுங்கள். காற்று வாங்கும் பக்கம் யாருடைய வாசலும் இருக்கக் கூடாது. பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரை போவதில்லை. நம் தூசி சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுத் தொட்டிலில் இறங்கும்.

"அண்ணே, வேல இன்னும் இருக்கா? புள்ள இருமிக்கிட்டே இருக்கு" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்கிறாள் என்றால், அவள் குறை சொல்லவில்லை, தன் பிள்ளைக்காகப் பேசுகிறாள். "இல்லம்மா, இன்னைக்கு இத்தோட போதும்" என்று சொல்லக்கூடிய மனம் நமக்கு வேண்டும். சத்தமும் அதிகம். ஸ்டோரில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

வாளி மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் கொட்டிவிடுங்கள். அதற்கு மேல் போனால் சுழல்காற்று தூளைத் திரும்பக் கிளப்பும். கொட்டும்போது வெளியே, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, மெதுவாகக் கொட்டுங்கள். கொரோனா காலத்தில் போட்டுப் பழகிய சாதாரண மாஸ்க்கில் ஓரத்தால் தூசி புகும். முகத்தோடு ஒட்டி நிற்கும் என் 95 மாஸ்க் நல்லது. சாண்ட் பேப்பர் போடும்போதும் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மழைக் காலத்தில் தூள் ஈரமாகிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்த நாட்களில் அன்றன்றே கொட்டுங்கள்.

சுத்தமான மரத்தூளை மாட்டுச் சாணத்தோடு கலந்து மக்க வைத்து வீட்டுத் தோட்டத்துக்குப் போடலாம். மக்காத தூளை மரக்கறிப் பாத்தி மண்ணில் கலந்தால், பயிருக்கு வேண்டிய தழைச்சத்தை அது இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். பெயின்ட், மருந்து அடித்த பலகையின் தூளைத் தோட்டத்திலோ, கோழிக் கூட்டிலோ, அடுப்பிலோ போட வேண்டாம்.

இயந்திரம் இல்லாதவர்களுக்கு

வேக்குவம் கிளீனர் கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. செலவில்லாமல் செய்யக்கூடியவை:

1. சாண்ட் பேப்பர் வேலையை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.
2. கூட்டுமுன் தரையில் தண்ணீர் தெளியுங்கள். மேசை, தட்டுகளை ஈரத்துணியால் துடையுங்கள்.
3. வேலை செய்த உடுப்பை வெளியிலேயே உதறி மாற்றுங்கள். அந்த உடுப்போடு பிள்ளையைத் தூக்க வேண்டாம்.
4. காம்பராவுக்குப் போகும் கதவையும், சாப்பாட்டுப் பாத்திரங்களையும் மூடி வையுங்கள்.
5. இருமல், இளைப்பு விடாமல் இருந்தால் தோட்டத்து டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். "வீட்ல மரவேல செய்றோம்" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். வைத்தியருக்கு அது முக்கியமான தகவல்.

இயந்திரம் வாங்க ஒரு வீட்டால் முடியாவிட்டால், ஒரே லயத்தில் மரவேலை செய்யும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி, முறைவைத்துப் பாவிக்கலாம். வாளியை அவரவர் செய்து வைத்துக்கொள்ளலாம், அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைதான்.